யாருமே இறங்காத தொட்டியிலிருந்து வந்த நிமோனியா

இன்னைக்கு ஒரு பூக்கண்காட்சியில இருந்து ஆரம்பிப்போம். 1999 பிப்ரவரி. நெதர்லாந்துல போவன்கார்ஸ்பெல்னு ஒரு சின்ன ஊர். பூ ஒரு பக்கம், வீட்டு உபயோகப் பொருள் ஸ்டால்கள் இன்னொரு பக்கம். அதுல விற்பனைக்காக ஒரு ஸ்பா டப்புல வெந்நீர் நிரப்பி, குமிழி பொங்க ஓட விட்டிருந்தாங்க. வெறும் டெமோ பீஸ். யாரும் அதுல இறங்கிக் குளிக்கல. ஆனா அந்தப் பக்கமா நடந்தவங்க, நின்னு பார்த்தவங்க நிமோனியாவோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. 150 பேருக்கு மேல நோய். 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க. பிறகு ஸ்டால் போட்டவங்களோட ரத்தத்தைப் பரிசோதிச்சா, டப்புக்கு எவ்வளவு கிட்ட இருந்தாங்களோ அவ்வளவு அதிகமா ஆன்டிபாடி இருந்தது.

அந்தக் கிருமி பேரு லெஜியோனெல்லா. 1976-ல ஃபிலடெல்ஃபியாவுல அமெரிக்கன் லீஜியன்ங்கிற முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒரு ஹோட்டல்ல மாநாடு நடத்தினப்போ பரவின மர்ம நிமோனியாவுல இருந்து வந்த பேரு அது. ஆறு மாசம் கழிச்சுத்தான் கிருமியையே கண்டுபிடிச்சாங்க.

நம்மள்ல பல பேர் "தண்ணி சுத்தமா?"ன்னு கேட்டா, குடிக்கலாமான்னுதான் யோசிப்போம். இங்கே கேள்வியே வேற. லெஜியோனெல்லா பெரும்பாலும் குடிச்சு வர்றதில்லை, மூச்சுல வருது. ஆறு, குளம், மண்ணு எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும். அது பிரச்சினை இல்லை. அது பெருகணும், நுண்துளியா காத்துல ஏறணும், அதை இழுக்குற நுரையீரல் பலவீனமா இருக்கணும். ரிஸ்க் பார்க்கிறதுன்னா இந்த மூணும் எங்கே ஒண்ணு சேருதுன்னு பார்க்கிறதுதான். பிரிட்டன்ல வீட்டை வாடகைக்கு விடுறவங்க இதைப் பார்த்தே ஆகணும். ஆனா சாதாரண வீட்டுக்கு லேப் டெஸ்ட் பொதுவா தேவையில்லைன்னு அங்கத்த அரசு அமைப்பே சொல்லுது.

முதல்ல பெருகுறது. 20 டிகிரிக்குக் கீழே அது தூங்கும். 20-லிருந்து 45 வரைக்கும் வளரும். 60-ல சாகும். "குளிர்ந்த தண்ணியை 20-க்குக் கீழே வை"ன்னு வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்றது சென்னை மொட்டைமாடி டேங்குக்குச் சிரிப்பு வரவைக்கும். மே மாசம் பைப்பைத் திறந்தாலே வெந்நீர்தானே வருது! அதனால நாம வெப்பநிலையை விட்டுட்டு, தேக்கத்தையும் வண்டலையும்தான் பிடிக்கணும். சம்ப் மூடி இருக்கா, டேங்க் அடியில சேறு எவ்வளவு, கெஸ்ட் பாத்ரூம் ஷவரைக் கடைசியா எப்போ திறந்தீங்க?

கீசர்ல ஒரு விஷயம். கரண்ட் மிச்சம்னு ஸ்டோரேஜ் கீசரை 40-45-லயே வைக்கிறவங்க நிறைய. கிருமிக்கு அது சொகுசு. 60-க்கு ஏத்துங்க, ஆனா அந்தச் சூடு சில விநாடியில தோலைச் சுட்டுடும். குழந்தையும் வயசானவங்களும் இருக்கிற வீட்டுல பச்சைத்தண்ணி கலந்துதான் பயன்படுத்தணும்.

ஊருக்குப் போய் ரெண்டு வாரம் கழிச்சு வர்றீங்களா? ஷவர் தலையைக் கழட்டிட்டு, இல்லேன்னா பிளாஸ்டிக் கவரால மூடி, சில நிமிஷம் தண்ணியை ஓட விடுங்க. ஜன்னலைத் திறந்துட்டு நீங்க வெளியே நில்லுங்க. போர் தண்ணி உப்பு படிஞ்ச ஷவர் தலையை வினிகர்ல ஊறவச்சுத் தேய்ங்க; அந்தப் படிவுக்குள்ளதான் கிருமி ஒட்டிக்கும். இதுல பக்கெட்-மக் குளியலைக் கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு செய்தி: ஷவரை விட அதுல நுண்துளி குறைவு. தாத்தா பாட்டியோட நெபுலைசருக்கு மட்டும் குழாய்த் தண்ணி கூடவே கூடாது.

இப்போ ஸ்பா. கொடைக்கானல், ஈ.சி.ஆர். வில்லா புக் பண்ணும்போது "பிரைவேட் ஜக்குஸி"ன்னு போட்டா நம்ம கை தானா கிளிக் பண்ணுது. ஆனா கிருமி கண்ணோட்டத்துல அதை விட நல்ல இடம் கிடையாது. 38-40 டிகிரி சூடு, தோல் அழுக்கும் லோஷனும் கலந்த தண்ணி, குழாய்க்குள்ள வழவழப்பு, அதுக்கு மேல குமிழி வெடிச்சு வெடிச்சு துளியை முகத்துக்கே அனுப்புது. சூடும் காத்தும் குளோரினையும் சீக்கிரம் தீர்த்துடும். நேத்து சரியா இருந்த டப் இன்னைக்குச் சரியா இருக்கணும்னு இல்லை. அமெரிக்காவின் சிடிசி சொல்ற அளவு குளோரின் குறைந்தது 3 பி.பி.எம்., பி.எச். 7-லிருந்து 7.8. டெஸ்ட் ஸ்ட்ரிப் ஆன்லைன்லயே கிடைக்கும். சுவரைத் தடவினா வழுக்குதா, ஃபில்டரை எப்போ கழுவினாங்கன்னு கேட்டா கேர்டேக்கர் முழிக்கிறாரா, இறங்காதீங்க. கடுமையா குளோரின் வாசனை வந்தா சுத்தம்னு அர்த்தமில்லை. அழுக்கோட சேர்ந்த குளோரின்தான் அப்படி மூக்கைத் துளைக்கும்.

25 வயசுல ஆரோக்கியமா இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ட்ரிப்புக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போவீங்க. 50 தாண்டினவங்க, புகைபிடிக்கிறவங்க, சர்க்கரை, நுரையீரல் நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை — இவங்களுக்குத்தான் ஆபத்து. நோய் வந்தவங்கள்ல பத்துல ஒருத்தர் இறக்குறாங்க.

பொதுவா ரெண்டு நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வரும்; சிலருக்கு வயித்துப்போக்கு, மனக்குழப்பமும் இருக்கும். சாதாரண நிமோனியான்னு அமாக்ஸிசிலின் கொடுத்தா இது கேட்காது. அசித்ரோமைசின், லிவோஃப்ளாக்ஸசின் மாதிரி வேற மருந்து வேணும். சிறுநீர்ல பார்க்கிற டெஸ்ட் இருக்கு, ஆனா அது முக்கியமான ஒரு வகையைத்தான் பிடிக்கும். அதனால டாக்டர் கேட்கலேன்னாலும் நீங்களே சொல்லுங்க: "பத்து நாள் முன்னாடி ஒரு வில்லாவுல ஜக்குஸிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தோம், டாக்டர்."