கடைச் சரக்கை எண்ணாத ஒப்பீடு

மால்கம் ஆதிசேசையா 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய அடையாற்றில், பொருளியலாளர்கள் முன் தலைமையுரை ஆற்றக் கிடைத்தது எனக்குப் பெருமை. எதிரே என் ஆசிரியர்களும் அமர்ந்திருப்பதால் சிறிது படபடப்பும் இருக்கிறது.

இந்தியா, அமெரிக்கா இரண்டின் சரக்கிருப்பு மாற்றங்களை ஒப்பிடுவது மாநாட்டின் பொருள். 2025-ன் முதல் காலாண்டில், சுங்கவரி உயரும் முன் அமெரிக்க நிறுவனங்கள் இறக்குமதியைக் குவித்தன. ஏறிய இருப்பு அடுத்த காலாண்டில் இறங்கியது. கடைசியில் வாங்கியதை முதலில் விற்றதாகக் கொள்ளும் கணக்குமுறைக்கு அங்கே இன்றும் இடமுண்டு. நம் கணக்குத் தரநிலை அதை ஏற்பதில்லை. இவற்றைக் கட்டுரையாளர்கள் விரித்துப் பேசுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அமெரிக்காவில் ஆலை, மொத்த வணிகம், சில்லறை வணிகம் மூன்றின் இருப்பும் மாதந்தோறும் திரட்டப்படுகிறது. இங்கே ரிசர்வ் வங்கி 2008 முதல் நடத்தும் காலாண்டு ஆய்வு உற்பத்தி நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவும் மயிலாப்பூர் கச்சேரி சாலையும் அதில் இல்லை. ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடை பழைய சரக்கைக் கழிக்கிறது. ஆவணியில் தொடங்கும் தீபாவளிக் கொள்முதலில் குடோன் நிரம்புகிறது. இரண்டும் ஜூலை–செப்டம்பர் என்ற ஒரே காலாண்டுக்குள் நடப்பதால், காலாண்டு எண்ணில் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். தங்கக் காசு உஸ்மான் சாலைக் கடையில் இருக்கும்வரை சரக்கிருப்பு. வீட்டுக்குப் போனதும் நம் கணக்கில் ‘மதிப்புமிகு பொருள்கள்’ என்ற தனித் தலைப்பில் மூலதன ஆக்கம். அமெரிக்கக் கணக்கில் அந்தத் தலைப்பே கிடையாது.

கடைச் சரக்கு எழுதப்படாமல் இல்லை. கேஷ் கிரெடிட் வாங்கிய கடைக்காரர் மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறார். அதை வைத்தே அவர் எடுக்கக்கூடிய தொகையான டிராயிங் பவர் முடிவாகிறது. 1975-ல் டாண்டன் குழு 15 தொழில்களுக்கு இருப்பு வரம்பு வகுத்தபோது, பெரிய கடனாளர்கள் காலாண்டுதோறும் விவரம் தரும் முறையையும் பரிந்துரைத்தது. நாம் அந்த அறிக்கையை வங்கிக்கடன் வரலாறு என்று ஒதுக்கிவிட்டோம்.

நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பொய்க்கணக்கு என்று தள்ளினார். கடன் வரம்புக்காக வணிகர் கூட்டி எழுதுவார் என்பது அவர் வாதம். எழுதுவார்தான். ஆனால் நமக்கு வேண்டியது இருப்பின் அளவன்று, மாற்றம். ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூட்டினால், இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தவறாது. பணமுடை வந்த மாதத்தில் கூடுதலாகக் கூட்டுவாரே என்ற மறுப்பு வலுவானது. அதைச் சோதிக்கக் கடன் பாக்கி அதே கோப்பில் இருக்கிறது. மார்ச் 31 தணிக்கைக் கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டனும் இருக்கின்றன. ஆய்வில் இல்லாத கடை இருப்புக்கு விகிதம் போட்டு நிரப்பிய எண்ணுக்கு இத்தனை சோதனை உண்டா?

ஜிஎஸ்டிக்குப் பிறகு நாட்டின் இருப்பு மெலிந்தது என்று ஆலைக் கணக்கை மட்டும் பார்த்து எழுதிய நண்பர்களையும் கேட்கிறேன்: ஆலை இறக்கிய சரக்கு விநியோகஸ்தர் குடோனில் ஏறவில்லை என்று எப்படித் தெரியும்?

பெயரும் கணக்கெண்ணும் நீக்கிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டுகளின் கிளைவாரி மொத்தங்களை வெளியிடுமாறு ரிசர்வ் வங்கியைக் கோரும் தீர்மான வரைவைக் கொண்டுவந்திருக்கிறேன். மாநாடு முடியும் முன் அதை விவாதிக்க வேண்டும். முதல் அமர்வில் பேசுவோர், இந்தியத் தொடரில் வணிகர் இருப்பு எப்படி மதிப்பிடப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டு அமெரிக்க எண்ணுக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.