பிக்கப் வண்டி ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். தொழில் பற்றிப் பேசு, ஆனால் பிழைப்புக்குப் பயன்படுகிற மாதிரி பேசு என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கதிர்காமத்தில் தெருவுக்கு நாலு நிற்கிற பிக்கப் வண்டியையே எடுத்துக்கொண்டேன். காய்கறி, அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பந்தல் சாமான், மீன் பெட்டி எல்லாம் அதில்தான் போகிறது. அந்த வண்டி ஒரு வாரம் நின்றால் ஒரு வீட்டில் அடுப்பு நின்ற மாதிரி. "அந்தக் காலத்து வண்டி மாதிரி வராதுப்பா, இப்ப வர்றதெல்லாம் தொட்டா லட்சம்" என்று எல்லா டிரைவரும் சொல்கிறார்கள். அது உண்மையா, உண்மையென்றால் ஏன் என்பதுதான் பேச்சு.

நம் தெர்மல் லேபில் ஒற்றைச் சிலிண்டர் கிர்லோஸ்கர் என்ஜின் ஒன்று உண்டு. கைப்பிடி போட்டுச் சுற்றி, கயிறு பிரேக்கில் எடை தொங்கவிட்டு, ரீடிங் எடுத்து (சிலர் எடுக்காமலே எழுதி) ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அதில் டீசல் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் அழுத்தம் ஏறக்குறைய 200 பார். இன்றைய பிக்கப் வண்டியில் காமன் ரயில் என்ற குழாயில் டீசல் 1,600 பார் அழுத்தத்திலும் அதற்கு மேலும் காத்திருக்கிறது. இந்த எண்ணைச் சும்மா கேட்டால் உறைக்காது. 2005ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊரில் குட்டி யானை என்று பெயர் வைத்தோமே, அந்த யானை முழுச் சரக்கோடு உங்கள் கட்டை விரல் நகத்தின் மேல் நின்றால் எவ்வளவு அழுத்தமோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

முதலில் வந்த அந்த 702 சி.சி. இரட்டைச் சிலிண்டர் குட்டி யானைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பம்ப், நாசில், கவர்னர் என்று எல்லாமே இரும்பு வேலை. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் சரிசெய்யலாம். இன்றைய இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு. என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் விநாடிக்கு 25 தடவை வேலை செய்கிறது; ஒவ்வொரு தடவையும் ஒரே பீய்ச்சாக இல்லாமல் முன்னால் ஒரு துளி, நடுவில் பிரதானம், தேவைப்பட்டால் பின்னால் ஒன்று என்று பிரித்துப் பீய்ச்சுகிறது. இதில் தண்ணீர் புகுந்தால்? மணல் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

என் சித்தப்பா வண்டிக்கு அதுதான் நடந்தது. 2021ல் கடன் போட்டு வாங்கினார், மாதம் 18,000 ரூபாய் ட்யூ. மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் மூட்டை ஏற்றி நகருக்குள் கடைகளில் இறக்குவது தொழில். ஒரு நாள் காலை செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போய் சர்வீசில் விட்டார்கள். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். நான்கு இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் மாற்ற வேண்டும், 1,62,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். சித்தி வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டார். "எதுக்கும் நீ ஒரு தரம் பாருப்பா, அப்புறம் அடகுக்குப் போறேன்" என்றார் சித்தப்பா.

நானும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனும் செய்தது பெரிய விஞ்ஞானம் இல்லை. நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு பாட்டிலில் தனித்தனியாகப் பிடித்தோம். குழாய்க்கு மருந்துக்கடை சலைன் டியூப். செல்ஃப் அடித்துப் பார்த்தால் மூன்று பாட்டிலில் அடி மட்டும் நனைந்தது, ஒன்றில் பாதி நிறைந்துவிட்டது. ஒரே ஓட்டை இன்ஜெக்டர் வழியாக எல்லாம் திரும்பிப் போனால் ரயிலில் அழுத்தம் எப்படி ஏறும்? என்ஜின் பிடிக்க 200 பாருக்கு மேலாவது வேண்டும், எங்களுக்கு நூறு கூடத் தாண்டவில்லை. ஆகவே பம்ப் குற்றவாளி இல்லை. ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர். தண்ணீர் வடிக்கும் திருகை வாங்கிய நாள் முதல் யாரும் தொட்டதில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததா என்றேன். "அது ரெண்டு மாசமா எரியுது, வண்டி நல்லாத்தான ஓடுச்சு" என்றார்.

ஒரு இன்ஜெக்டர் 19,500 ரூபாய். மாட்டியாயிற்று. கதை அங்கே முடியவில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூடக் குறையப் பீய்ச்சுகிறது என்பது அதில் அடக்கம். அதை என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான் அது கணக்கைத் திருத்திக்கொள்ளும். சொல்வதற்குச் சரியான ஸ்கேனர் வேண்டும். மெக்கானிக் அண்ணனிடம் இருந்த ஸ்கேனர் பழுதைப் படிக்கும், எதையும் எழுதாது. விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் எழுதிவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்க்குள், ஆனால் ஆறு நாள் வாடகை போயிற்று.

சர்வீஸ்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று போன இடத்தில் மற்ற மூன்றும் அதே தண்ணீரைத்தான் குடித்திருக்கின்றன. பாதி மாற்றி, பத்து நாளில் வண்டி திரும்பி வந்தால் பெயர் கெடும். அவர்கள் பக்க நியாயம் அது. ஆனால் அந்த நியாயத்தின் விலையை வளையல் கொடுக்கிறதே, அதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து புகைக்கு வருகிறேன். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 4 வந்தது. ஐந்தைத் தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பி.எஸ். 6. டீசலில் இருக்கலாம் என்ற கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆக இறங்கியது. டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம் என்றிருந்தது 4.5 ஆயிற்று. இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. கதிர்காமத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸும் வண்டியும் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கரியைப் பிடித்து வைக்கும் சல்லடைதான் டி.பி.எஃப். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு 600 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓடினால் தானாக நடந்துவிடும். நம் வண்டி எங்கே ஓடுகிறது? மேட்டுப்பாளையத்தில் ஏற்றி, இந்திரா காந்தி சிலைக்குப் பக்கம் சிக்னலில் நின்று, நெல்லித்தோப்பில் நின்று, பெரிய மார்க்கெட்டில் இறக்கி, திரும்பவும் அதே. என்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். எரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. சூடேற்றக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. "ஆயில் குறையும்னு பார்த்திருக்கேன், ஏறுறத இப்பதான் பார்க்கிறேன்" என்று முப்பது வருஷ அனுபவஸ்தர் ஒருவர் என்னிடம் அதிசயப்பட்டார். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். டிரம்மிலிருந்து அளந்து கொடுக்கும் மலிவு ஆயிலும் வேண்டாம். அதிலுள்ள சாம்பல் எரியாது, சல்லடையிலேயே தங்கிவிடும். விளக்கு எரிந்தால் வில்லியனூர் தாண்டி விழுப்புரம் சாலையில் ஒரு இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். நூற்றைம்பது ரூபாய் டீசல் போகும், போகட்டும்.

சல்லடையையே கழற்றி எறிந்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம். எஃப்.சி.யில் மாட்டினால் திரும்ப வாங்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. பிக்கப் வண்டிக்கு அமெரிக்காதான் தாய்வீடு. அங்கே ஜி.எம்., ஃபோர்டு டீசல் பிக்கப்களில் வந்த போஷ் சிபி4 பம்ப் பற்றி வழக்கு மேல் வழக்கு. அந்தப் பம்புக்கு எண்ணெய் போடுவது டீசலேதான், வேறு மசகு கிடையாது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது, மருந்து கலந்துதான் ஈடு செய்கிறார்கள். அதைச் சோதிக்கும் உராய்வுச் சோதனையில் ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 460 மைக்ரானுக்கு மேல் தழும்பு விழக்கூடாது. அமெரிக்காவில் 520 வரை அனுமதி. ஐரோப்பிய டீசலுக்குச் செய்த பம்ப் எங்கள் டீசலில் தேய்ந்து, இரும்புத் தூள் ரயில், இன்ஜெக்டர் என எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது என்பது அங்குள்ள உரிமையாளர்களின் வாதம். பழுது பார்க்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகிறது. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. புதுவையில் டீசல் விலை குறைவு என்று கடலூர், விழுப்புரம் வண்டியெல்லாம் இங்கே வந்து போட்டுக்கொண்டு போகிறது. நாம் போய் அதைவிட மலிவாகக் கேனில் வருகிற டீசலை வாங்கலாமா? அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் வழவழப்பு போச்சு, பம்பும் போச்சு.

கடைசியாக அந்த விழுப்புரத்துப் பத்து நிமிட விஷயம். எனக்கு உறுத்துவது அதுதான். நம் தெரு மெக்கானிக்குக் கைவேலை தெரியும், காது தெரியும், பழுது எங்கே என்று பாட்டிலைப் பார்த்தே சொல்கிறார். கம்ப்யூட்டருக்குள் எழுதும் சாவி மட்டும் அவரிடம் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே மக்கள் ஓட்டுப் போட்டு, கம்பெனி சர்வீசுக்குக் கிடைக்கும் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் மோட்டார் வாகனமும் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. எங்கள் தெரு அண்ணன் கைக்கு அதிலிருந்து இன்னும் எதுவும் வந்து சேரவில்லை.

டெல்லி செய்யும்போது செய்யட்டும். சங்கத்திடம் நான் கேட்பது சின்னது. பல கம்பெனி வண்டிகளுக்கும் குறியீடு எழுதக்கூடிய ஒரு நல்ல ஸ்கேனர், இன்ஜெக்டர் சோதிக்கும் ஒரு பெஞ்ச், குறுக்கே அறுத்து உள்ளே தெரியும்படி வைத்த ஒரு பழைய இன்ஜெக்டர். மூன்றும் நம் லேபில் அந்தக் கிர்லோஸ்கர் பக்கத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஐந்து நாள் மாணவர்களுக்கு, சனிக்கிழமை பிற்பகல் சுற்றுவட்ட மெக்கானிக்குகளுக்கு. அவர்கள் நம் பிள்ளைகளுக்குக் காதால் கேட்கக் கற்றுத்தரட்டும், நம் பிள்ளைகள் அவர்களுக்கு ஸ்கேனரைக் கற்றுத்தரட்டும். அறுத்த இன்ஜெக்டருக்குச் செலவில்லை. சித்தப்பா வண்டியிலிருந்து கழற்றியது என் பையிலேயே இருக்கிறது, பேச்சு முடிந்ததும் துறைத் தலைவர் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். மற்ற இரண்டுக்கும் வாசலில் மேசை போட்டு ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் உட்கார்ந்திருக்கிறார்.