நன்றியும் கருணையும்
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

 

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. எங்கள் வீடு மேட்டில் இருந்தமையால் நீர் புகவில்லை. மழை ஓய்ந்த காலையில் விளக்கேற்றி, "அருகன் அருளால் நமக்கு ஒரு குறையும் நேரவில்லை" என்று உரக்கக் கூறி வணங்கினேன். வயல்வேலைக்கு வரும் அம்மையார் ஒருவர், குடிசையை இழந்த நிலையில், பேரனின் நனைந்த புத்தகங்களை எங்கள் திண்ணையில் உலர்த்திக்கொண்டிருந்தார். "அப்போ எங்கள மட்டும் சாமி கைவுட்டுடுச்சா ஐயா?" என்றார். பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு விடைகூற ஒரு சொல்லும் கிட்டவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். நன்றி கூறியது பிழையன்று. கூறிய காரணமே பிழை. அருகப் பெருமான் விருப்பு வெறுப்பு அற்றவர். ஒருவரைக் காத்து மற்றொருவரைக் கைவிடுதல் அவர்பால் இல்லை. எல்லா உயிரையும் தம்முயிர்போல் காணும் நெறியை நமக்குக் காட்டினாரே, அதற்கே நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

"அவரவர் வினை" என்று சொல்லி அகல்வதும் அந்நெறிக்குப் பொருந்தாது. வினைக் கொள்கை நம்மை நாமே ஆராய்ந்து திருந்துவதற்கு உரியது. பிறர் துயருக்குத் தீர்ப்பெழுத அன்று. துன்புறும் உயிர்களிடம் கருணை கொள்ளுமாறே தத்துவார்த்த சூத்திரம் பணிக்கிறது.

இந்நன்னாளின் வரலாற்றை நினையுங்கள். ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி இருந்த ஆதிநாதர் உணவேற்க வந்தபோது, மக்கள் யானையையும் குதிரையையும் மணிகளையும் காணிக்கையாகக் கொணர்ந்தனர். அவர்களிடம் பக்தி இருந்தது; அவருக்கு வேண்டுவது யாதென்று அறியும் அறிவு இல்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்ச மன்னனே அதனை உணர்ந்து கரும்புச்சாறு அளித்தான்.

அன்று மாலை நான் அவ்வம்மையாரிடம், "என்னம்மா வேண்டும்?" என்று கேட்டேன். "ராத்திரி படுக்க ஒரு எடம், பையனுக்கு நாலு நோட்டு" என்றார். அபய தானமும் சாத்திர தானமும் அவ்வளவு எளியனவாக என் திண்ணையிலேயே காத்திருந்தன. காலையிலேயே கேட்டிருக்கலாமே என்னும் வருத்தம் இன்றும் உண்டு.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். இன்று ஜினாலயத்தில் வணங்கி வீடு திரும்புமுன், துன்புறும் ஒருவரிடம் சென்று, வேண்டுவது யாதெனக் கேட்போம். நம் நன்றி அங்கே நிறைவுறும்.

அருகன் திருவடி வாழ்க! அனைத்துயிரும் இன்புறுக!