தொட்டவர் ஊருக்கு வெளியே நின்றார்

(வானொலி ஞாயிறு சிந்தனை – பொதுக்காலத்தின் 6-ஆம் ஞாயிறு, 14 பிப்ரவரி 2021)



கடந்த வியாழனன்று லூர்து அன்னையின் திருநாளைச் சிறப்பித்தோம். அந்த நாளையே உலக நோயாளர் நாளாகவும் திருஅவை கடைப்பிடிக்கிறது. வருகிற புதனன்று தவக்காலத்தைத் தொடங்குகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே வரும் இந்த ஞாயிறு, தொழுநோயுற்ற ஒருவரையும் அவரைத் தொட்ட இயேசுவையும் நம்முன் நிறுத்துகிறது (மாற்கு 1:40-45).

இன்றைய முதல் வாசகம் லேவியர் நூலின் 13-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஒருவருடைய தோலில் தடிப்போ வெண்புள்ளியோ தோன்றினால், அவரை ஆரோனிடமோ அவர் புதல்வரான குருக்களுள் ஒருவரிடமோ கொண்டுவர வேண்டும். குரு அதை உற்றுப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து மறுபடி பார்க்க வேண்டும். தேவையானால் இன்னும் ஏழு நாள். கடந்த ஓராண்டாக 'பதினான்கு நாள்' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிவிட்ட நமக்கு இது புதிதாகத் தெரியாது.

இந்த வாசகத்தைக் கேட்கும்போது, பாளையத்துக்கு வெளியே அனுப்பப்பட்ட நோயாளர்மீது நம் மனம் இரங்குகிறது. அது சரியே. ஆனால், அதற்கு முன்னால் ஒருவர் அந்தப் புண்ணின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாரே, அவரைப் பற்றி நாம் நினைப்பதில்லை. வந்திருப்பது எந்த நோய் என்று எவருக்கும் தெரியாத நேரத்தில், அருகே நின்று பார்த்தவர் அவர்.

அப்படி அருகே நின்றவர்களைப் பற்றித்தான் இன்று சிந்திக்கிறோம்.

இத்தாலியின் வடக்கே, லொம்பார்தியா மாநிலத்தில் கொதோஞ்ஞோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோவிட் தொற்று அந்த ஊரில் கண்டறியப்பட்டு வரும் வாரத்தோடு ஓராண்டு நிறைவடைகிறது. அங்கே ஒவ்வொரு குடும்ப மருத்துவரின் பொறுப்பிலும் 1,500 பேர் வரை இருப்பார்கள். இருமல் என்றால் முதலில் அவரிடம்தான் போவார்கள், அல்லது அவர் வீட்டுக்கு வருவார். கொதோஞ்ஞோவில் பணியாற்றிய மார்செல்லோ நத்தாலி அத்தகைய மருத்துவர். கையுறை இன்றியா வேலை செய்கிறீர்கள் என்று தொலைக்காட்சியினர் கேட்டபோது, கையுறைகள் தீர்ந்துவிட்டன என்றார். 2020 மார்ச் 18-ஆம் நாள் அவர் இறந்தார். அதற்கு ஒரு வாரம் முன்னர், வரேசே பகுதி மருத்துவர் சங்கத்தின் தலைவரும் குடும்ப மருத்துவருமான ரொபேர்த்தோ ஸ்தெல்லா இறந்திருந்தார். ஏப்ரல் முதல் பாதிக்குள் இத்தாலியில் இறந்த மருத்துவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அவர்களில் குடும்ப மருத்துவர்கள் பலர்.

ஏன் இவர்கள்? பெரிய மருத்துவமனையின் கோவிட் பிரிவில் படுத்திருப்பவருக்கு நோய் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே பணி செய்பவர் தலைமுதல் கால்வரை கவச உடை அணிந்து நுழைகிறார். முதல் நிலையில் பணி செய்பவருக்கோ எதிரே அமர்ந்திருப்பவரின் நோய் இன்னதென்று தெரியாது. தொண்டை வலி என்கிறார், உடம்பு வலி என்கிறார். காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இந்தக் கிருமி பரவக்கூடியது. அறை சிறியது, சன்னல் மூடியிருக்கிறது, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு நாளில் நாற்பது, ஐம்பது பேர். மாலையில் அதே உடம்போடு தம் பிள்ளைகளிடம் திரும்ப வேண்டும்.

இது இத்தாலியின் கதை மட்டுமல்ல. நம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும், கிராம சுகாதார செவிலியரும், தெருத்தெருவாகக் காய்ச்சல் பார்க்க வந்த பணியாளர்களும் நின்ற இடமும் அதுவே. கடந்த ஆகஸ்டில் நாட்டின் பல பகுதிகளில் ஆஷா பணியாளர்கள் பல இலட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது முகக்கவசமும் கையுறையும்.

அவர்கள் நம் வாசலுக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? தவக்காலம் நெருங்கும் இவ்வேளையில் இதை நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம். நம்மில் சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் காய்ச்சலை மறைத்தோம். தெருவில் தகரம் அடித்துவிடுவார்கள், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் நமக்கு. பாராசிட்டமால் விழுங்கிவிட்டு, நெற்றியைக் காட்டினோம். வெப்பமானி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சகோதரியும் நம்மை நம்பி அருகே வந்தார். நம் பயம் உண்மையானதே. ஆனால், அந்தப் பயத்தின் விலையை அவர் தலையில் ஏற்றிவிட்டோம்.

இன்னும் ஒன்று உண்டு. மருத்துவர்களும் செவிலியர்களும் வாடகைக்குக் குடியிருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சுமந்து சென்ற ஆம்புலன்ஸ் சென்னையில் தாக்கப்பட்டது. அவருடைய நண்பரான மருத்துவரும் மருத்துவமனை ஊழியர் சிலரும் இரவோடு இரவாகத் தாங்களே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்கள்.

இங்கே நாம் நற்செய்திக்குத் திரும்புவோம். இன்றைய பகுதி எப்படி முடிகிறது என்பதைக் கவனித்தோமா? நோய் நீங்கியவர் ஊருக்குள் போய்விட்டார். அவரைத் தொட்ட இயேசுவோ எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாகப் போக முடியாமல், வெளியே தனிமையான இடங்களில் தங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். வெளியே இருந்தவர் உள்ளே. உள்ளே இருந்தவர் வெளியே. தொழுநோயாளரின் இடத்தை ஆண்டவர் எடுத்துக்கொண்டார். வீட்டை இழந்த செவிலியரும், கல்லறை மறுக்கப்பட்ட மருத்துவரும் ஊருக்கு வெளியே போனபோது, அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவரிடம்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இதற்காக நாம் அவர்களைத் தியாகிகள் என்கிறோம். கடந்த ஆண்டு மார்ச் 22 மாலை வாசலில் நின்று கைதட்டினோம். பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிஸ், நோயாளருக்குப் பணிசெய்து இறந்த குருக்களையும், மருத்துவர், செவிலியரையும் அடுத்த வீட்டுப் புனிதர்கள் என்று போற்றினார். அது உண்மை. ஆனால், புகழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. இயேசு தம் கையைத் தாமே நீட்டினார். எவரும் அவரைத் தள்ளிவிடவில்லை. தியாகம் என்பது ஒருவர் மனமுவந்து தருவது. கையுறை கொடுக்காமல் ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் இறந்தபின் தியாகி என்று மாலை போடுவது, நம் அலட்சியத்துக்குப் புனிதமான பெயர் சூட்டுவதாகும்.

நலமடைந்தவரிடம் ஆண்டவர் சொன்னதையும் மறவாதிருப்போம். குருவிடம் போய் உன்னைக் காட்டு, மோசே கட்டளையிட்டதைச் செய் என்றார். வல்ல செயல் புரிந்தவர் பரிசோதனை முறையை ஒதுக்கிவிடவில்லை. நம்பிக்கை இருக்கிறது, முகக்கவசம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆகவே, இந்தத் தவக்காலத்துக்கு எளிய முயற்சிகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவரிடம் போகும்போது நம் நோய்க்குறிகளை மறைக்காமல் சொல்வோம். எங்கே போனோம், யாரோடு இருந்தோம் என்பதையும் சொல்வோம். அவர் முன் அமரும்போது மூக்கும் வாயும் மூடியிருக்கும்படி முகக்கவசம் அணிவோம். நம் தெருவுக்கு வரும் பணியாளரைத் திறந்த முற்றத்தில் வரவேற்று, ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்போம். நம் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கையுறையும் கவசமும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று அன்பியக் கூட்டத்தில் கேட்போம். இல்லையென்றால், தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியை அதற்குக் கொடுப்போம், உரியவர்களுக்கு மனுவும் எழுதுவோம். கடந்த மாதம் 16-ஆம் நாள் தடுப்பூசி தொடங்கியபோது நலப்பணியாளருக்கு முதலிடம் தரப்பட்டது. நம் முறை வரும்போது நாமும் தயங்காமல் போவோம். நம் வழியாகக் கிருமி அவர்களை அடையாமல் காப்பதும் பிறரன்புச் செயலே.

மன்றாடுவோமாக. இரக்கமுள்ள ஆண்டவரே, நோயின் பெயர் தெரியுமுன்னே எங்கள் அருகே வந்தவர்களை உம்மிடம் ஒப்படைக்கிறோம். இறந்தவர்களுக்கு உம் வீட்டில் இடம் தாரும். பணியில் இருப்பவர்களைக் காத்தருளும். அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய எங்களை மன்னித்து, நீர் நிற்கும் இடத்துக்கு எங்களையும் அழைத்துச் செல்லும். ஆமென்.