அரை மணி நேரத்துல புலிக்காடு. நம்ம பசங்க எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

(விருதுநகர் மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணி கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில்.)

அண்ணன்களே, அக்காக்களே, என்னை மாதிரி போனும் கையுமா திரியிற தம்பி தங்கைகளே!

சிவகாசின்னா வெளியூர்க்காரனுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். அதுல நமக்குப் பெருமைதான். என் அம்மா தீப்பெட்டி ஒட்டின காசுலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். ஆனா 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தை நம்மள்ல யாரும் மறக்கல. 2018-ல உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டப்போ ஆலைகள் மூடிக் கிடந்ததையும் மறக்கல. ஒரே தொழிலை நம்பி ஒரு மாவட்டமே நின்னா என்ன ஆகும்னு அன்னைக்குப் பார்த்தோம்.

இப்போ மேற்கே திரும்பிப் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினா மலை. 1988-லயே அங்க சாம்பல் நிற அணில்களுக்காக சரணாலயம் அறிவிச்சாங்க. தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டுமே இருக்கிற அணில் அது. 2021 பிப்ரவரியில அந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து தமிழ்நாட்டோட 5-வது புலிகள் காப்பகம் ஆக்கினாங்க. 1,016 சதுர கிலோமீட்டர்! வைகைக்குத் தண்ணி தர்ற மலையும் இதுக்குள்ளதான் இருக்கு. மதுரைக்காரன் குடிக்கிற தண்ணிக்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தம் உண்டு.

தெற்கே போனா செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய். மலைக்கு அந்தப் பக்கம் மிளகும், இந்தப் பக்கம் நெல்லும் மாட்டு வண்டியில ஏறி இறங்கின வழி. 1904-ல அதுல ரயில் விட்டாங்க. கழுதுருட்டி பக்கத்துல கல்லுல கட்டின 13 கண் பாலம் இன்னைக்கும் நிக்குது. 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி செங்கோட்டை நம்ம மாநிலத்துலயே இல்ல, திருவிதாங்கூர் பக்கம் இருந்துச்சு. அகலப்பாதை வேலைக்காக 2010-ல மூடின மலைப்பாதை, 2018-லதான் திறந்துச்சு. இன்னைக்கு சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸ் சிவகாசி வழியாத்தான் அந்தக் கணவாய்க்குள்ள போகுது. நம்ம ஸ்டேஷன்ல ஏறினா போதும். ஊட்டி மலை ரயிலுக்கு மாசக்கணக்குல காத்திருக்கிற நமக்கு, வீட்டு வாசல்ல நிக்கிற இந்த ரயில் கண்ணுல படல.

பட்டாசை விட்டுட்டு எல்லாரும் டூரிஸ்ட் கைடு ஆகுங்கன்னு நான் சொல்ல வரல. லட்சக்கணக்கான பேர் சாப்பிடுற தொழில் அது, அதைக் காப்பாத்தணும். ஆனா தீபாவளி முடிஞ்சு வேலை இல்லாம உக்காந்திருக்கிற வீட்டுக்கு இன்னொரு வருமானம் வேணுமா, வேணாமா? 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 மலையேற்றப் பாதைகளை அறிவிச்சாங்க. நம்ம செண்பகத்தோப்பும் அதுல இருக்கு. வழிகாட்டிகளா உள்ளூர் பசங்களையும் மலைவாழ் மக்களையும்தான் எடுக்கிறாங்க. செண்பகத்தோப்பு பளியர் மக்களுக்குத் தெரிஞ்ச காடு, எந்த ஜி.பி.எஸ்-க்கும் தெரியாது.

கூடவே ஒரு எச்சரிக்கை. 2015 மே மாசம் சதுரகிரியில திடீர் வெள்ளத்துல பக்தர்கள் அடிச்சுட்டுப் போனாங்க. 2018 மார்ச்ல தேனி குரங்கணியில காட்டுத்தீ, மலையேறப் போனவங்க கருகிப்போனாங்க. கூட்டம் சேர்க்கிறது சுலபம். மலை கணக்கு பார்க்கும்போதுதான் கஷ்டம். அதனால நம்ம கோரிக்கையும் அளவாத்தான் இருக்கணும்:

1. வழிகாட்டி வேலை முதல்ல பளியர் மக்களுக்கும் அடிவார கிராமத்துப் பசங்களுக்கும் கிடைக்கணும்.
2. தங்குற இடம் ஊருக்குள்ள, வீடுகள்ல இருக்கட்டும். யானை வர்ற வழியில ரிசார்ட் வேண்டாம்.
3. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல இருந்து செண்பகத்தோப்புக்கு ரயில் நேரத்தை ஒட்டி பஸ் வேணும்.
4. மாந்தோப்பு, தென்னந்தோப்புல யானை புகுந்தா விவசாயிக்கு இழப்பீடு தாமதமில்லாம கிடைக்கணும். அவர் காட்டை வெறுத்துட்டா புலிகள் காப்பகம்னு போர்டு மட்டும்தான் மிஞ்சும்.

கடைசியா நமக்கு நாமே சொல்லிக்கிறது. மூடி வெச்ச அருவிக்குள்ள திருட்டுத்தனமா புகுந்து ரீல்ஸ் போடுறவங்கள்ல நம்ம அணிப் பசங்களும் இருக்காங்க. மறைக்க வேண்டாம். அந்த வீடியோவை ஷேர் பண்றதை இன்னைக்கே நிறுத்துவோம். பதிலா, அனுமதி உள்ள பாதையில ஒரு நாள் நடந்துட்டு வந்து, பளியர் அண்ணன் ஒருத்தர் சொன்ன சேதியை அவர் சம்மதத்தோட பதிவு போடுங்க. அதுக்கு லைக் குறையும். பரவாயில்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கயாவது போகணும்னு தோணினா கொடைக்கானல் பஸ்ஸைத் தேடாதீங்க. மேற்கே பாருங்க.



#நம்மவிருதுநகர் #செண்பகத்தோப்பு #தகவல்தொழில்நுட்பஅணி