ஆதி விண்ணிற் கருந்துளைகள்



வான சாஸ்திரப் பேச்சென்றதும் கிரகங்களைப் பற்றியதென்றே பலர் எண்ணியிருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டதோ கண்ணுக்குப் புலனாகாத கருந்துளை. உட்சென்ற ஒளியும் மீளமுடியாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்த இடம் அது.

இதன் வரலாற்றில் தமிழகத்தோடு தொடர்புடைய இருவருக்குப் பங்குண்டு. முதல்வர் சந்திரசேகர். சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிற் கற்று, 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து தீர்ந்த விண்மீனின் எச்சம் சூரியனின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படின் நிலைத்திருக்க இயலாது, மேலும் ஒடுங்கும் என்று அப்பிரயாணத்திலே கணித்தார். 1935இல் இலண்டன் வான சாஸ்திர சங்கத்தில் எடிங்ரன் என்னும் பேரறிஞர் அதனை எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1983இல்!

விண்மீன் ஒடுங்கிப் பிறக்கும் கருந்துளை சிறிது. பத்து, நூறு சூரியன்களின் நிறையே இருக்கும். சூழவுள்ள வாயுவை உண்டே அது பெருக்க வேண்டும். உண்ணும்போது வெளிப்படும் ஒளியோ, வந்து விழும் வாயுவை எதிர்த்துத் தள்ளும். ஆகவே உண்ணும் வேகத்துக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்கு வழங்கும் பெயர் எடிங்ரன் எல்லை. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! பிரபஞ்சம் தோன்றி 100 கோடி ஆண்டு நிரம்புமுன்னரே 100 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளைகள் இருந்திருக்கின்றன. அத்தனை விரைவில் வளர்ந்தது எங்ஙனம்?

எமது கோப்பாய்த் தோட்டக்காரர் வாழையை விதையிட்டா வளர்க்கிறார்? குட்டியையன்றோ பெயர்த்து நடுகிறார்! கோவையிற் பிறந்து, அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையிற் பேராசிரியையாக விளங்கும் பிரியம்வதா நடராஜன் அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் 2006ஆம் ஆண்டளவிற் சொன்னதும் இத்தகையதே. ஆதி வாயுவில் ஐதரசனும் ஈலியமுமே பெரும்பாலும் இருந்தன. அயல் விண்மீன்களின் ஊதாக்கடந்த கதிர் பட்டு அவ்வாயு போதியளவு குளிராதிருப்பின், துண்டுபட்டு விண்மீன்களாகாது. மொத்தமாய் உள்ளே சரிந்து 10,000 முதல் 1,00,000 சூரிய நிறையுள்ள கருந்துளையாகிவிடும். அவ்வாறு பிறந்தது, தொடக்கத்தில் தன்னைச் சூழ்ந்த விண்மீன்கள் அனைத்துக்கும் ஈடான நிறையோடிருக்கும் என்றும் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். நம் காலத்து விண்மீன் கூட்டங்களிலோ நடுக் கருந்துளை ஆயிரத்தில் ஒரு பங்களவே.

2023இல் அத்தகைய ஒன்று அகப்பட்டது. யு.எச்.இசட். 1 என்பது அதன் பெயர். பிரபஞ்சம் தோன்றி 47 கோடி ஆண்டிலே இருந்தது. நிறை 1 கோடி முதல் 10 கோடி சூரியன். வெப் தொலைகாட்டி அவ்விண்மீன் கூட்டத்தைக் காட்ட, அதன் எக்ஸ் கதிரைப் பிடித்தது 1999இல் விண்ணேறிய சந்திரா தொலைகாட்டி. ஆம், அன்று நகைக்கப்பட்ட சந்திரசேகரின் பெயர் தாங்கியதுதான்.

இவ்வொன்றினால் வழக்குத் தீர்ந்ததென்று நாம் சொல்லோம். சிறு வித்துக்களே எடிங்ரன் எல்லையையும் மீறி உண்டு பெருத்திருக்கலாம் என்று வாதிப்போரும் உளர். வெப் தொலைகாட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.