நின்ற பந்தும் நிலைத்த மனமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

   

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா அரங்கில் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். மாலையில் மைதானத்தில் ஓடியாடும் பிள்ளைகள்தாம் இரவில் பாடப் புத்தகத்தை விரித்து அமர்கின்றனர். மைதானத்தில் மனம் ஒடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு அன்றிரவு பாடமும் ஏறுவதில்லை. ஆகவே பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்பிக்கும் நாங்கள், எங்கள் அனுபவத்தில் கண்ட ஒரு செய்தியை உங்கள்முன் வைக்க விழைகிறோம்.

ஆட்டம் நின்று, பந்தை ஓரிடத்தில் வைத்து மீண்டும் தொடங்கும் வேளைகள் உண்டு. கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி, கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் த்ரோ ஆகியவை அவ்வகையின. இவற்றை நாம் ‘நின்ற பந்து’ என்று அழைப்போம். எதிரணியின் நின்ற பந்தை இளம் ஆட்டக்காரர்கள் எவ்வாறு தடுப்பது என்பதே இன்று எங்கள் பேச்சு.

இதற்கு ஏன் இத்தனை முதன்மை? 2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் விழுந்த கோல்கள் 169. அவற்றுள் 70க்கும் மேற்பட்டவை, பெனால்டி உள்ளிட்ட நின்ற பந்துகளிலிருந்து விளைந்தவை. இங்கிலாந்து அணி அங்கு அடித்த 12 கோல்களில் 9 இவ்வழி வந்தவை. நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், சென்னையின் எஃப்.சி. அணி தொடக்கத்திலேயே ஒரு கோல் பின்தங்கியது. பின்னர் கிரகரி நெல்சன் அடித்த கார்னர்களை மெயில்சன் ஆல்வஸ் முற்பாதியிலேயே இருமுறை தலையால் முட்டிக் கோலாக்கினார். முடிவில் 3–2 என்ற கணக்கில் சென்னை அணி கோப்பையை வென்றது. அந்தப் பருவத்தில் அவ்வணிக்காக ஆடியவர்களுள் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷும் ஒருவர். இறுதியாட்டங்களைக்கூட இரண்டு கார்னர்கள் தீர்மானிக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

நம் பிள்ளைகள் பெரிய அணிகளைக் கண்டால் முதலில் நோக்குவது அவர்களது உயரத்தை. “அவங்க எல்லாரும் வளந்தவங்க சார், கார்னர் வந்தா நம்மால முடியாது” என்ற பேச்சை ஆட்டம் தொடங்குமுன்பே கேட்கிறோம். இந்த எண்ணத்தைத்தான் முதலில் அகற்ற வேண்டும். 1998ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கோலாக்கியவர் ஜினதீன் ஜிதான். தலையால் கோல் அடிப்பதற்குப் பெயர் பெற்றவர் அல்லர் அவர். காலின் நுட்பத்தால் புகழ் பெற்றவர். தடுப்பவர் விட்ட இடைவெளியில் உரிய நேரத்தில் அவர் பாய்ந்து வந்தார், கோல் விழுந்தது.

உயரம் பிறப்பால் வருவது. ஒழுங்கு பயிற்சியால் வருவது. முன்னதை எவரும் விலைக்கு வாங்க இயலாது. பின்னதற்கு விலையே இல்லை. மேலும் 13, 14 வயதில் ஒரே வகுப்புப் பிள்ளைகளுள் ஒருவன் ஓரடி உயர்ந்திருப்பான், மற்றொருவன் இன்னும் சிறுவனாகவே இருப்பான். சில ஆண்டுகள் கழித்து அந்த வேறுபாடு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆகவே இன்றைய உயரத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை ஒதுக்குதல் அறியாமையேயாகும்.

இனி, கார்னரைத் தடுக்கும் முறைக்கு வருவோம். ஆட்டக்காரரைக் காத்தல், இடத்தைக் காத்தல் என இருவழிகள் உண்டு. முதல் வழியில் ஒவ்வொருவனும் எதிரணியின் ஒருவனைப் பின்தொடர்கிறான். எதிரிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஒருவரோடொருவர் மோதவிட்டால் இவ்வழி குலைந்துவிடும். இரண்டாம் வழியில் ஒவ்வொருவனும் தனக்குரிய இடத்தில் நின்று, அங்கு வரும் பந்தைத் தாக்குகிறான். ஆயின் நின்ற இடத்திலிருந்து துள்ளுபவனைவிட, ஓடிவந்து துள்ளுபவன் உயர எழுவான். இவ்விரண்டின் குறைகளையும் கருதி, இரண்டையும் கலந்து கற்பிப்பதே இளைஞர்களுக்கு ஏற்றது என்று நாங்கள் கருதுகிறோம்.

பதினொருவர் ஆட்டத்தில் நாங்கள் நிறுத்தும் முறை இது. கோல்கீப்பர் கோலின் நடுவில், உடலைச் சற்றே மைதானத்தின் பக்கம் திருப்பி நிற்பார். பந்து வரும் பக்கத்துக் கம்பத்துக்கு முன்னால் ஒருவர். கோலிலிருந்து 5.5 மீட்டர் தொலைவிலுள்ள சிறுகட்டக் கோட்டின்மேல் மூவர். இந்நால்வரும் இடம் காப்பவர். எதிரணியில் நன்கு துள்ளக்கூடிய நால்வரை மறிக்க நால்வர். இவர்கள் ஆட்டக்காரரைக் காப்பவர். பெனால்டி கட்டத்தின் விளிம்பில் ஒருவர், திரும்பி வரும் பந்துக்காக. நடுக்கோட்டுப் பக்கம் ஒருவர். அவர் அங்கு நிற்பதாலேயே எதிரணியார் இருவர் தாக்குதலை விட்டுப் பின்னால் நிற்க வேண்டிவரும். எதிரிகள் மூலையிலேயே இருவராய்க் கூடிச் சிறு கார்னர் ஆட முனைந்தால், விளிம்பில் நிற்பவரும் முன்கம்பத்துக்காரரும் வெளியே செல்வர். கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டருக்கு அப்பால் அவர்கள் நிற்க வேண்டும் என்பது விதி.

ஆள் காப்பவன் செய்ய வேண்டியவை மூன்று. தன் ஆளுக்கும் கோலுக்கும் இடையில் நிற்க வேண்டும். பந்தும் ஆளும் ஒருங்கே கண்ணில் படுமாறு உடலைச் சாய்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். கையால் ஆளின் இருப்பை உணரலாமேயன்றி, சட்டையைப் பற்றலாகாது, பற்றினால் பெனால்டி. இடம் காப்பவனுக்கு ஒரே கட்டளைதான்: பந்து தன்னிடம் வரும்வரை காத்திராது, பந்தை நோக்கிச் செல்ல வேண்டும். வெளியேற்றும் பந்து உயரமாகவும், தொலைவாகவும், பக்கவாட்டிலும் செல்ல வேண்டும். கோலுக்கு நேராக விழும் பந்து மறு தாக்குதலுக்கு அழைப்பாகும்.

பந்து வெளியேறியதும் பலர் பணி முடிந்ததென்று நின்றுவிடுகின்றனர். கார்னரிலிருந்து நேரே பந்தைப் பெறுபவனுக்கு ஆஃப்சைடு கிடையாது, த்ரோவிலும் அப்படியே. ஆனால் வெளியேறிய பந்தை எதிரி மீண்டும் உள்ளே அடிக்கும்போது ஆஃப்சைடு விதி உயிர்பெறுகிறது. ஆகையால் பந்து வெளியே சென்ற நொடியே அனைவரும் ஒருசேர முன்னேற வேண்டும். அதற்குக் குரல் தேவை. “விடு!” என்றால் பந்து கோல்கீப்பருடையது. “அடி!” என்றால் வெளியேற்ற வேண்டும். “ஏறு!” என்றால் முன்னேற வேண்டும். இம்மூன்று சொற்களும் போதும். அமைதியான பிள்ளையும் இம்மூன்றை உரக்கச் சொல்லப் பழகிவிடுகிறான். அவ்வாறு பழகிய குரல் வகுப்பிலும் எழுகிறது.

அடுத்து ஃப்ரீ கிக். கோலுக்கு நேராகக் கிடைக்கும் ஃப்ரீ கிக்குக்குச் சுவர் எழுப்புகிறோம். அருகுக் கம்பத்தைச் சுவர் மறைக்கும்; மறுபக்கத்தைக் கோல்கீப்பர் காப்பார். சுவரில் யார் யார், எந்த வரிசையில் என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சுவரும் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ நிற்கும் சுவருக்கு ஒரு மீட்டருக்குள் எதிரணியார் நெருங்கலாகாது என்ற விதி 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இதை அறியாத பிள்ளைகள் எதிரி இடித்துத் தள்ளுவதைப் பொறுத்துக்கொள்கின்றனர். விதியை அறிந்தவன் நடுவரிடம் மரியாதையுடன் முறையிடலாம்.

நடுவர் கையை உயர்த்தி நின்றால் அது மறைமுக ஃப்ரீ கிக். அடித்த பந்து வேறு எவர்மீதும் படாமல் நேரே கோலுக்குள் சென்றால் கோல் ஆகாது. இளம் கோல்கீப்பர் பதற்றத்தில் அதைத் தொட்டு, பந்து உள்ளே போய்விட்டால் அது கோலாகிவிடும்! விதிப்புத்தகத்தைப் படிப்பதும் ஒரு தடுப்பாட்டமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பந்து நிற்கிறது என்பதற்காக மனம் நின்றுவிடலாகாது. 2019 மே 7 அன்று லிவர்பூலில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை நினைவுகூர்வோம். முதல் ஆட்டத்தில் பார்சிலோனா 3–0 என்று வென்றிருந்தது. இரண்டாம் ஆட்டத்தின் 79ஆம் நிமிடத்தில் லிவர்பூலுக்குக் கார்னர் கிடைத்தது. பந்தெடுத்துக் கொடுக்கும் சிறுவன் விரைந்து பந்தைத் தந்தான். அலெக்சாண்டர் ஆர்னால்டு விலகிச் செல்பவர்போல் இரண்டடி நடந்து, சட்டென்று திரும்பி அடித்தார். பார்சிலோனா வீரர்கள் இன்னும் இடம்பிடிக்காத வேளையில் ஒரிகி கோலடித்தார். 4–0 என்று வென்று லிவர்பூல் இறுதிக்குச் சென்றது. உலகப் புகழ் பெற்ற வீரர்களுக்கே இந்நிலை நேர்ந்தது. ஆகவே ஊதல் ஒலித்ததும் முறையிடுவதோ முதுகு காட்டுவதோ கூடாது. முதலில் இடம், பிறகு பேச்சு.

பயிற்சி முறையைப் பற்றிச் சில சொற்கள். முதல் நாள் பந்தே தேவையில்லை. செருப்புகளையோ கற்களையோ வைத்து இடங்களைக் குறித்து, அவரவர் நடந்து சென்று நிற்கப் பழகட்டும். பிறகு பயிற்றுநர் பந்தைக் கையால் எறியட்டும். பிறகு காலால் அடிக்கட்டும். கடைசியில்தான் எதிரிகளைச் சேர்க்க வேண்டும். வாரத்தில் ஒருநாள், கால்மணி நேரம் போதுமானது. மாற்று ஆட்டக்காரர்களுக்கும் இடம் முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஒருவன் வெளியேறி ஒருவன் உள்ளே வரும் நேரத்தில்தான் குழப்பம் பிறக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் இம்முறை ஒன்றே.

தலையால் முட்டும் பயிற்சியில் எச்சரிக்கை வேண்டும். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மூளை நரம்புகள் சிதையும் நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவரினும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி என்று கண்டது. தலையால் முட்டுவதே காரணமென்று அது அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் 2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக் கால்பந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதினர்க்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை விலக்கின. நாமும் சிறுவர்க்கு இடம் பிடிப்பதையும் காலால் வெளியேற்றுவதையும் மட்டுமே கற்பிப்போம். வளர்ந்தோர்க்கும் காற்றுக் குறைந்த, எடை குறைந்த பந்தைக் கொண்டு, சில முறை மட்டுமே பயிற்சி தருவோம். எந்தக் கோப்பையும் ஒரு பிள்ளையின் மூளைக்கு ஈடாகாது.

அன்பர்களே! இறுதியாகக் கூறப்போவதே எங்கள் பேச்சின் உயிர். ஓடும் ஆட்டத்தில் விழும் கோலுக்கு எவரும் எளிதில் ஒருவனைக் குற்றவாளியாக்க முடிவதில்லை. நின்ற பந்தில் விழும் கோலுக்கோ, “உன் ஆள்தானே அடிச்சான்!” என்று பத்து விரல்களும் ஒரு பிள்ளையை நோக்கி நீளுகின்றன. வேலியோரம் நிற்கும் பெரியவர்களும் அவன் பெயரைச் சொல்லிக் கூவுகின்றனர். அந்தப் பிள்ளை மறுநாள் மைதானத்துக்கு வருவதில்லை. ஒரு கோலால் நாம் ஓர் ஆட்டத்தை இழக்கிறோம். ஒரு சொல்லால் ஒரு பிள்ளையை இழக்கிறோம்.

உண்மையில் அந்தக் கோல் ஒருவனுடையதா? தேவையின்றிக் கார்னரைக் கொடுத்தது யார்? குரல் கொடுக்காதது யார்? இடையில் வந்து மோதிய எதிரியைக் கண்டும் சொல்லாதது யார்? முதற் பந்தை வெளியேற்றிய பின் முன்னேறாதவர் எத்தனை பேர்? இவ்வாறு வினவிக்கொண்டே சென்றால் பதினொருவரும் பயிற்றுநரும் அதில் பங்காளிகள் என்பது புலனாகும்.

ஆகவே எங்கள் பயிற்சியில் இரண்டு கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்கிறோம். தோற்ற அன்று மாலை அந்தக் கோலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அடுத்த பயிற்சியில் அதே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்தி, அதே கார்னரை அவன் வெளியேற்றும்வரை அடிக்கிறோம். மற்ற பத்துப் பேரும் உடன் நிற்கின்றனர். வெளியேற்றிய பின் அவன் முகத்தில் தோன்றும் தெளிவைக் கண்டவர்கள், இக்கட்டுப்பாடுகளை ஒருநாளும் கைவிடமாட்டார்கள்.

இளைஞர்களே! ஓடும் ஆட்டத்தில் வேகமும் வலிமையும் மிக்கவன் முந்துகிறான். நின்ற பந்தில் மட்டும் ஆட்டம் நமக்காகச் சற்று நின்று, நாம் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய நேரம் தருகிறது. பணமுள்ள அணிக்கும் பணமில்லா அணிக்கும் அந்நேரம் ஒன்றே. அதை வீணாக்காதீர்கள். உங்கள் இடத்தை அறிந்து நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் குரல் கொடுங்கள். தவறியவனைத் தூக்கி நிறுத்துங்கள். வேலியோரம் நிற்கும் பெரியோர்களும் அவ்வாறே செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.